புதுப்பிப்பு: தங்கச்சியின்ர சிக்மா (Σ, கூட்டுத்தொகைக் குறியீடு) கணக்கு சரிவந்திட்டுது

போன கிழமை கேட்டிருந்தன்: உயர்தரம் படிக்கிற தங்கச்சி 5 தொடக்கம் 20 வரையான எண்களின்ர வர்க்கங்களைக் கூட்டினால் 2815 வருது, ஆனா விடை 2840 எண்டு.

பிழை பிடிபட்டிட்டுது. 1 தொடக்கம் 20 வரை கூட்டினால் 2870. அதில 5 வரையான 55ஐக் கழிச்சிருக்கிறாள். அப்ப வேண்டிய 5இன்ர வர்க்கம் 25உம் சேர்ந்தெல்லே போயிடும்! 4 வரையான 30ஐத்தான் கழிக்கவேணும். உறுப்புகளும் 15 இல்லை, 16.

கணிதவியலாளர் ஒயிலர் 1755இல தந்த குறியீடுதான் இந்தச் சிக்மா. சூத்திரத்தைப் பாடமாக்க முதல், ரெண்டு மூண்டு உறுப்பை விரிச்சு எழுதிப் பாக்கிறது எவ்வளவோ நல்லம். நேற்றுக் கொக்குவில் வீட்டு விறாந்தையில இருந்து அப்பிடித்தான் செய்தம். அதே 5 தொடக்கம் 20 வரை, ஒவ்வொரு உறுப்புக்கும் வெறும் 3ஐக் கூட்டச் சொன்னன்; யோசிக்காமல் 48 எண்டாள். பதில் எழுதின அண்ணாமார், அக்காமாருக்கு நன்றி.