லண்டனில் கணவனின் விசாவில் இருக்கும் தங்கச்சிக்கு அடி: பொலிசுக்குப் போனால் திருப்பி அனுப்புவார்களா?

வாவிக்கரை (மட்டக்களப்பு):
தங்கச்சி கல்யாணம் முடித்து லண்டன் போய் ஒன்றரை வருசம். மாப்பிள்ளை பிரித்தானியப் பிரஜை. அடிக்கிறார், பாஸ்போட்டையும் ஒளித்துவிட்டார். "வாய் திறந்தா விசாவ வெட்டிப்போடுவன்" என்று மிரட்டுகிறார். பொலிசுக்குச் சொல்லலாமா? இங்கிருந்து நாங்கள் என்ன செய்யலாம்?

கல்லடிப்பாலம்:
விசாவை வெட்டுவது ஹோம் ஒபிஸ் (பிரித்தானிய உள்துறை அமைச்சு), கணவன் இல்லை. "பிரிந்துவிட்டோம்" என்று அவர் அறிவிக்கலாம், அவ்வளவுதான். அதற்கு முந்துங்கள். குடும்ப வன்முறைக்கு ஆளான குடியேறிகளுக்கு அங்கே ஒரு சலுகை உண்டு, கட்டணமில்லை. கிடைத்தால் 3 மாத அனுமதி, அரச உதவிப்பணமும் கேட்கலாம். ஆனால் கிடைத்த கையோடு பழைய விசா போய்விடும். அந்த 3 மாதத்துக்குள் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்காவிட்டால் விசாவே இல்லாத ஆளாகிவிடுவா. பலர் சறுக்குவது இங்கேதான். ஆகவே முதலில் லோயர், பிறகு படிவம். காசில்லை என்று காட்டினால் வதிவிடக் கட்டணத்தையும் தள்ளுபடி செய்வார்கள்.

பொலிஸ் பற்றிய பயம் வீண் இல்லை. அவர்கள் ஹோம் ஒபிசுக்குத் தகவல் கொடுப்பதை முழுதாகத் தடுக்கும் சட்டம் அங்கே இல்லை. லிபர்ட்டி என்ற மனித உரிமை அமைப்பும் சவுத்தோல் பிளாக் சிஸ்டர்ஸ் என்ற பெண்கள் அமைப்பும் 2018இல் முறைப்பாடு செய்ததே இதற்காகத்தான். ஆனால் உங்கள் தங்கச்சிக்கு விசா செல்லுபடியாகிறது. உயிராபத்து என்றால் யோசிக்காமல் 999 (அங்குள்ள அவசர இலக்கம்). 999 எடுத்தும் பேச முடியாவிட்டால் கைப்பேசியில் 55 அழுத்தினால் பொலிசுக்கு மாற்றுவார்கள். அதை அழுத்தியதால் மட்டும் இடம் தெரியவராது, முகவரியை எப்படியாவது சொல்ல வேண்டும். ஆலோசனைக்கு அங்குள்ள குடும்ப வன்முறை உதவி இலக்கம் 0808 2000 247, இலவசம், 24 மணித்தியாலமும்.

மாமாங்கம்:
பாஸ்போட் இல்லையென்று காத்திருக்க வேண்டாம். விசா இப்போது இணையக் கணக்கில். அந்தக் கணக்கில் கணவனின் ஈமெயிலோ நம்பரோ இருந்தால் நுழைவுக் குறியீடு அவருக்குத்தான் போகும். அதை மாற்ற வேண்டும்.

இங்கே நீங்கள்: பிரதேச செயலகத்தில் விவாகச் சான்றிதழின் அத்தாட்சிப் பிரதி எடுங்கள், ஏஜென்டிடம் விசா விண்ணப்பக் கோப்பை வாங்குங்கள், வட்ஸ்அப் குரல்பதிவுகளைத் திகதியோடு சேமியுங்கள். அங்கே அவ குடும்ப வைத்தியரிடம் காயத்தைக் காட்டிப் பதிய வைக்கட்டும். அந்தக் கடிதம் பெரிய சாட்சி.

வாவிக்கரை:
அவட போனை அவர் பார்ப்பார். திருவிழாவுக்கு ஊருக்குப் போவம் என்றும் சொல்கிறாராம்.

கல்லடிப்பாலம்:
அப்படியென்றால் எதையும் போனுக்கு அனுப்பாதீர்கள். வைத்தியரிடம் தனியாகப் பேசக் கேட்கலாம், தமிழ் மொழிபெயர்ப்பாளரையும் கேட்கலாம். இப்போது ஊருக்கு வரவே வேண்டாம். மனைவியை இங்கே விட்டுவிட்டு அவட ஆவணங்களோடு போய்விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி நடந்தாலும், 2024 முதல் இங்கிருந்தே திரும்பிப்போக விண்ணப்பிக்க வழியுண்டு.