வெளுப்புக் கிரீம்: பிள்ளையிடமிருந்து பிடுங்கி எறியலாமா?

மல்லிகைச்சரம், சாட்ஸ்வொர்த்:
மெட்ரிக் டான்ஸ் (பள்ளி இறுதியாண்டு நடன விருந்து) நெருங்கினாலே பெண்பிள்ளைகளின் பையில் வெளுப்புக் கிரீம் வந்துவிடுகிறது. கண்ட அன்றே பிடுங்கி எறியவேண்டும் என்பது என் கட்சி. தோலை வெளுக்கவைக்கும் ரசாயனமான ஹைட்ரோகுவினோனை அழகுசாதனங்களில் நம் தென்னாப்பிரிக்கா 1990லேயே தடைசெய்தாயிற்று. வெளுக்கத் தடவியதே நாளடைவில் கன்னத்தில் கருநீலமாகப் படிந்துவிடும், லேசில் போகாது. இதற்கு என்ன பேச்சுவார்த்தை?

மருந்துக்கடை, டர்பன்:
எறியுமுன் டியூபைத் திருப்பிப் படியுங்கள், அம்மா. குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்றிருந்தால் ஸ்டீராய்டு. மாதக்கணக்கில் தடவியதைத் திடீரென நிறுத்தினால் முகம் சிவந்து எரியும், பருக்கள் கிளம்பும். "கிரீம் போட்டப்பதான் நல்லா இருந்துச்சு" என்று பிள்ளை மறுபடி ஒளித்து வாங்குவாள். எத்தனை மாதமாக, நாளைக்கு எத்தனை தடவை என்று கேட்டுக்கொண்டு டியூபோடு டாக்டரிடம் போங்கள். எப்படி நிறுத்துவது என்று அவர் சொல்லட்டும்.

மல்லிகைச்சரம்:
பாதரசம் இருந்தாலுமா?

மருந்துக்கடை, டர்பன்:
அதில் உங்கள் கட்சிதான். கலோமல், மெர்க்குரி என்றோ, தங்க நகையில் படக்கூடாது என்றோ எழுதியிருந்தால் அன்றே நிறுத்தவேண்டும். ஆனால் குப்பையில் போடாதீர்கள். மூடியை இறுக்கி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். சிறுநீரகத்தைக் கெடுக்கும் சரக்கு, சிறுநீர்ப் பரிசோதனை அவசியம். துண்டு, தலையணை உறை வழியாக வீட்டுக் கைக்குழந்தைக்கும் போகும்.

பள்ளி ஆலோசகர், பீனிக்ஸ்:
டியூபிலேயே நிற்கிறீர்களே! பிள்ளையிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: முகத்தைப் பற்றிய நினைப்பு ஒரு நாளில் எவ்வளவு நேரம்? அதனால் பள்ளிக்கோ விசேஷத்துக்கோ போகாமல் இருக்கிறாளா? ஒரு மணிநேரத்துக்கு மேல், போவதும் நின்றிருக்கிறது என்றால் உளவியலாளரிடம் காட்டவேண்டும். "நீ அழகாத்தான் இருக்கே" என்று நூறு தடவை சொல்லிப் பயனில்லை. அரைமணியில் திரும்பக் கேட்பாள். வீட்டில் பேசமுடியாத பிள்ளைக்குச் சைல்ட்லைன் என்ற குழந்தைகள் உதவித் தொலைபேசி 116, இலவசம்.

மல்லிகைச்சரம்:
கல்யாண வீட்டில் "கறுத்துட்டியேடி" என்கிற அத்தையை எந்த உளவியலாளரிடம் அனுப்புவது?

பள்ளி ஆலோசகர், பீனிக்ஸ்:
அங்கேயே, பிள்ளை காதில் விழும்படி, "நிறத்தைப் பத்தி வேண்டாம் அத்தை, படிப்பைக் கேளுங்க" என்று அம்மாவே சொல்லவேண்டும். வீட்டுக்கு வந்து சமாதானம் சொன்னால் பாதிகூடச் சேராது.

மல்லிகைச்சரம்:
சரி. ஆனால் நாம் பக்குவமாகப் பேசிக்கொண்டிருக்க, கடைக்காரன் விற்றுக்கொண்டே இருப்பானே?

மருந்துக்கடை, டர்பன்:
பெட்டியின் எல்லாப் பக்கத்தையும் படமெடுத்து, ரசீதையும் வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஸ்டீராய்டுகளை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது. மருந்துகளைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான சாப்ராவுக்கு (SAHPRA) புகார் எழுதலாம். அதற்காகவாவது டியூபை எறிந்துவிடாதீர்கள்.