பைன்வுட் டெர்பி ஆக்ஸிலைப் பெரிதாக்கிப் பார்க்க எது சரி?
வணக்கம் நண்பர்களே. பையன் கப் ஸ்கவுட்டில் (சின்னப் பிள்ளைகளுக்கான சாரணர் அமைப்பு) இருக்கிறான், சீக்கிரமே பைன்வுட் டெர்பி வருகிறது; மரக்கட்டையில் செய்த குட்டிக் கார்களைச் சரிவான தடத்தில் ஓடவிடும் போட்டி அது. காருக்கான கட்டையைச் செதுக்கி 5 அவுன்ஸுக்குள் கொண்டுவந்தாச்சு. இப்போ ஆக்ஸில் (சக்கரம் சுழலும் அச்சு) வேலை.

கார் செய்யும் கிட்டில் ஆக்ஸிலாக வந்த ஆணிகளை டிரில்லில் மாட்டி, தலைக்கு அடியில் இருந்த பிசிறை அரத்தால் எடுத்துவிட்டு, 400-ஆம் நம்பரில் தொடங்கி 3000 வரை (நம்பர் கூடக்கூடத் தாள் மென்மையாகும்) உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தோம். நேராகப் பார்த்தால் கண்ணாடி மாதிரி மின்னுகிறது. விளக்கடியில் சாய்த்துப் பிடித்தால் ஆணியைச் சுற்றி மெல்லிய வளையக் கோடுகள் தெரிகின்றன. முதலில் போட்ட முரட்டுத் தாளின் கீறலா, கடைசித் தாளின் தடமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. சக்கரம் உரசுவது அங்கேதான். ஆழமான கீறல் இருந்தால் உராய்வைக் குறைக்கப் போடும் கிராஃபைட் தூள் மட்டும் காப்பாற்றாது.

நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸ் போதுமா, யூஎஸ்பி மைக்ரோஸ்கோப்பே வாங்கிவிடலாமா? பையனும் திரையில் பார்க்கலாமே என்று எனக்கு மைக்ரோஸ்கோப் மேல்தான் ஆசை. ஆனால் பளபளப்பில் வெளிச்சம் பட்டுப் படம் வெளுத்துவிடுமோ? ஆணித் தலையின் அடிப்பக்கத்தை எந்தக் கோணத்தில் வைத்துப் பார்க்கிறீர்கள்? செய்து பார்த்தவர்கள் போட்டோவோடு சொன்னால் பெரிய உதவி.