யார் கணக்கில் டெபிட்?

குழு: வடக்கு வீதி வீடு

சனி, மாலை 6.12

பெரியம்மா: எல்லோருக்கும் ஒரு நல்ல செய்தி. கும்பகோணம் கடைக்காரர் வடகத்துக்கு உரிய 3,500 ரூபாயை அனுப்பிவிட்டார். டெபிட் ஆகிவிட்டது.

கார்த்தி: பெரியம்மா, டெபிட்டா கிரெடிட்டா? டெபிட் என்றால் உங்கள் கணக்கிலிருந்து பணம் போயிருக்கிறது!

பெரியம்மா: ஐயோ, நான் ஒன்றையும் அழுத்தவில்லையே கண்ணா.

மீனா: பதறாதீர்கள். வந்த மெசேஜை அப்படியே இங்கே போடுங்கள்.

பெரியம்மா: [படம்]

பெரியம்மா: கடைக்காரர் அனுப்பிய படம் இது. இதைப் பார்த்துத்தான் சொன்னேன்.

மீனா: இது அவருடைய வங்கி அவருக்கு அனுப்பிய மெசேஜ், பெரியம்மா. கணக்கு எண்ணின் கடைசி இலக்கங்கள் உங்களுடையவை இல்லை. ‘டெபிட்டட் ஃப்ரம்’ என்று இருக்கிறது பாருங்கள், அவர் கணக்கில் கழித்திருக்கிறார்கள். ‘கிரெடிட்டட் டு’ என்று உங்களுக்குத் தனியாக ஒரு மெசேஜ் வந்ததா?

பெரியம்மா: வரவில்லையே. நான் அவரிடம் “வந்துவிட்டது, நன்றி” என்று சொல்லிவிட்டேன். இன்னும் 5 கிலோ வேறு கட்டி வைத்திருக்கிறேன்.

கார்த்தி: வங்கி ஆப்பிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சில நேரம் மெசேஜ் மட்டும் தாமதமாக வரும்.

பெரியம்மா: பார்த்தேன். பழைய இருப்புதான் இருக்கிறது.

சித்தப்பா: அண்ணி, இப்போதுதான் பார்த்தேன். கவலை வேண்டாம். அவருக்கு டெபிட் ஆகி உங்களுக்குக் கிரெடிட் ஆகாமல் நின்றிருக்கிறது. இதற்கென்றே ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் ஒரு விதி போட்டது. யுபிஐ-யில் ஒருவர் கணக்கிலிருந்து இன்னொருவர் கணக்குக்கு அனுப்பும் பணம் இப்படி நின்றுவிட்டால், அடுத்த நாளுக்குள் அனுப்பியவருக்கே தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வங்கி அவருக்குக் கொடுக்க வேண்டும். படத்தில் இருக்கும் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணை அவர் பத்திரமாக வைத்திருக்கட்டும். “வந்துவிட்டது” என்று சொன்னதை மட்டும் இப்போதே திருத்திவிடுங்கள்.

பெரியம்மா: கடையில் அவர் மகன்தான் போனைப் பார்ப்பான், ஆங்கிலத்தில்தான் எழுதுவான். நானும் சரியாக எழுத வேண்டும்.

மீனா: ‘டெபிட்டட் ஃப்ரம் யுவர் அக்கவுண்ட், நாட் கிரெடிட்டட் டு மைன்’. ஃப்ரம், டு இரண்டையும் விட்டுவிடாதீர்கள். எங்கிருந்து கழிந்தது, எங்கே சேர வேண்டும் என்பதை அவைதான் சொல்கின்றன.

பெரியம்மா: அனுப்பிவிட்டேன். தம்பி, பல நாளாக ஒரு சந்தேகம். கிரெடிட் என்றால் வரவு என்கிறீர்கள். கிரெடிட் கார்டு என்றால் கடன் என்கிறார்கள். ஒரே சொல் எப்படி இரண்டும் ஆகும்? அங்கேதான் எனக்கு மாறிப்போகிறது.

சித்தப்பா: கேட்டது நல்லதாயிற்று. கூட்டுறவுச் சங்கத்தில் சேர்ந்த புதிதில் எனக்கும் இதே குழப்பம்தான். பாஸ்புக் நம் கையில் இருந்தாலும் அது வங்கி எழுதும் கணக்கு. நீங்கள் 1,000 ரூபாய் போட்டால், வங்கி அதை உங்களுக்குத் திருப்பித் தர வேண்டும். அதாவது நீங்கள் வங்கியை நம்பிக் கொடுத்த கடன் அது. அதனால் உங்கள் பெயரில் கிரெடிட். கார்டில் வங்கி உங்களை நம்பிக் கடன் தருகிறது. அதுவும் கிரெடிட். இரண்டிலும் ஒருவர் நம்புகிறார், இன்னொருவர் திருப்பித் தர வேண்டியவர். லத்தீனில் அந்தச் சொல்லின் வேரே ‘நம்பு’ என்பதுதான். டெபிட்டின் வேர் ‘கடன்பட்டிரு’.

பெரியம்மா: நம் நாணயம் மாதிரி! காசுக்கும் அதே சொல், சொன்ன சொல் தவறாத மனிதருக்கும் அதே சொல்.

சித்தப்பா: எனக்கு இது தோன்றியதே இல்லை அண்ணி.

கார்த்தி: சித்தப்பா, எங்கள் ஆபீஸில் கணக்கு எழுதும் டாலி மென்பொருளில், வங்கியில் பணம் போட்டால் டெபிட் பக்கம் காட்டுகிறதே?

சித்தப்பா: அது உங்கள் ஆபீஸ் எழுதும் கணக்கு. அங்கே வங்கிதான் உங்களுக்குத் தர வேண்டியவர், அதனால் வங்கி பெயரில் பற்று எழுதுவார்கள். அதே பணம் வங்கியின் புத்தகத்தில் உங்களுக்கு வரவு. இந்தச் சொற்களைக் கேட்டதும் ‘யார் எழுதிய கணக்கு, யார் பெயரில்’ என்று பார்த்துவிட்டால் குழப்பம் வராது.

மீனா: பெரியம்மா, இன்னொன்று. பணம் உங்களுக்குக் கிரெடிட் ஆக நீங்கள் ரகசிய எண் போடவே வேண்டாம். “பணம் வர பின் போடுங்கள்” என்று யார் சொன்னாலும் அது ஏமாற்று. போட்டால் டெபிட்தான் ஆகும். அப்படி ஏதாவது நடந்துவிட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அழைக்க வேண்டும்.

பெரியம்மா: 1930. பூஜை அறை காலண்டரில் எழுதிவிட்டேன்.

ஞாயிறு, காலை 11.40

பெரியம்மா: கடைக்காரர் போன் செய்தார். 3,500 ரூபாய் அவர் கணக்குக்கே திரும்ப கிரெடிட் ஆகிவிட்டதாம். நான் நேற்றே சொல்லாமல் விட்டிருந்தால் தேடியிருக்கவே மாட்டேன் என்றார். மறுபடி அனுப்புகிறாராம்.

கார்த்தி: இந்த முறை அவர் அனுப்பும் படத்தைப் பார்க்காதீர்கள்.

பெரியம்மா: தெரியும் கண்ணா.

11.52

பெரியம்மா: [படம்]

பெரியம்மா: இது என் வங்கி எனக்கு அனுப்பியது. கிரெடிட்டட் டு, கடைசி இலக்கங்களும் என்னுடையவை. ஆப்பிலும் இருப்பு ஏறியிருக்கிறது. கட்டி வைத்த 5 கிலோவை மதிய பஸ்ஸில் கொடுத்து அனுப்புகிறேன்.