குண்டூசி தாண்டி காந்தத்துல என்ன செஞ்சு காட்டலாம்?

கேள்வி: வேளச்சேரில எங்க அபார்ட்மெண்ட் பசங்களுக்கு ஞாயித்துக்கிழமை காந்தம் பத்தி சொல்லித்தரணும், குண்டூசி ஒட்டுறதெல்லாம் அவங்களுக்கு சலிச்சுப்போச்சு, வேற என்ன பண்ணலாம்?

பதில்: பெசன்ட் நகர் பீச்சுக்கு கூட்டிட்டு போங்க. காந்தத்தை பாலிதீன் கவர்ல சுத்தி காஞ்ச மணல்ல இழுத்தா கருப்பா மீசை மாதிரி தூள் ஒட்டும், அது மேக்னடைட், இரும்புத் தாது. கவர் இல்லாம பண்ணா சுரண்டியே கை ஓஞ்சிடும்.

பதில்: ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைங்கள்ல நியோடிமியம் காந்தம் (ரொம்ப பவரான காந்தம்) வாங்கி காப்பர் பைப்புக்குள்ள விடுங்க. காப்பர்ல ஒட்டவே ஒட்டாது, ஆனா மெதுவா மிதந்து வர்ற மாதிரி இறங்கும், ஏன்னா காந்தம் நகரும்போது பைப்ல கரண்ட் உண்டாகி அதையே பிடிச்சு இழுக்குது. என் பொண்ணு இருவது தடவை போட்டுப் பாத்தா!

பதில்: அந்த நியோடிமியம் காந்தத்தை குட்டிப்பசங்க கைல மட்டும் குடுக்காதீங்க ப்ளீஸ். ரெண்டு காந்தம் முழுங்கினா குடலுக்குள்ள ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஓட்டையே போட்டுடும்.