ஒரே எழுத்துகள் வரும் ஆங்கிலச் சொற்களைச் சேர்த்துப் படிப்பிப்பது எப்படி?

நிலாவெளி_ரீச்சர்:
ஓ.எல் (சாதாரண தரப் பரீட்சை) பிள்ளையளுக்கு அகரவரிசைப் பட்டியல் குடுத்துப் பாடமாக்கச் சொல்லுறதை விட்டிட்டு, பொது எழுத்துகள் உள்ள சொற்களைக் கூட்டமாகக் குடுக்க நினைக்கிறன். பி-ஓ-ஆர்-ரி எண்டு எடுத்தால் இம்போட், எக்ஸ்போட், ட்ரான்ஸ்போட் ஒழுங்காக வருது. ஆனா ஒப்பர்ச்சூனிட்டியும் போர்ஷனும் எங்க அடங்குது? இது திருகோணமலை, "போட்" எண்டா துறைமுகம்தானே எண்டு பிள்ளையள் எல்லாத்துக்கும் அதையே பொருத்தினம். எந்தக் கூட்டத்தை நம்பலாம், எதை நம்பேலாது?

கோட்டைவாசல்:
ரீச்சர், அந்த நாலு எழுத்துக்குள் மூன்று லத்தீன் சொற்கள் இருக்கின்றன. பிரித்துக் கொடுத்தால் குழப்பம் தீரும்.

முதலாவது போர்ட்டாரே, சுமந்து செல்வது. இம்போட் உள்ளே கொண்டுவருவது, எக்ஸ்போட் வெளியே கொண்டுபோவது, ட்ரான்ஸ்போட் ஓரிடத்திலிருந்து மற்ற இடத்துக்கு. றிப்போட் என்பது செய்தியைத் திரும்பக் கொண்டுவருவது. சப்போட் கீழிருந்து தாங்குவது. போட்டபிள், போட்டர் இரண்டும் இதே வீடு.

இரண்டாவது போர்ட்டுஸ், துறைமுகம். எயார்போட் இதில் வரும். ஒப்பர்ச்சூனிட்டியும் இதில்தான்: துறைமுகத்தை நோக்கி அடிக்கும் காற்றைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பாய்க்கப்பலுக்கு அதைவிடப் பெரிய வாய்ப்பு ஏது? உங்கள் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேறு படம் தேவையில்லை, கடல் வாசலிலேயே கிடக்கிறது.

மூன்றாவது போர்ஷியோ, பங்கு. போர்ஷன், ப்ரொபோர்ஷன் அதிலிருந்து.

முன்னொட்டின் கடைசி எழுத்து மாறுவதையும் சேர்த்தே சொல்லுங்கள். "இன்" என்பது பி, எம் எழுத்துகளுக்கு முன் "இம்" ஆகும்: இம்போட், இம்பொசிபிள், இம்மோரல். "சப்" என்பதன் பி (பந்தின் பி) அடுத்து வரும் பேனாவின் பி-யாக மாறுவதால்தான் சப்போட்டில் இரண்டு பி. காரணம் தெரிந்த பிள்ளை ஒரு பி போட்டு எழுதாது.

ஒரு வகுப்புக்கு ஒரு வேர், ஐந்தாறு சொல் போதும். கொப்பியில் முன்னொட்டுக்கும் வேருக்கும் நடுவில் சாய்கோடு போடச் சொல்லுங்கள். அடுத்ததாக ஆர்-யூ-பி-ரி, அதாவது உடைதல்: இன்ரறப்ட், இறப்ட், பாங்றப்ட். பிறகு எஸ்-பி-ஈ-சி-ரி, பார்த்தல்: இன்ஸ்பெக்ட், றெஸ்பெக்ட், ஸ்பெக்டேற்றர்.

சீனக்குடா_வாசி:
முன்னொட்டைப் படிப்பிக்கும்போது ஒரு பொறி இருக்கு, கவனம். ஐ-என் வந்தால் "இல்லை" எண்டு மட்டும் பாடமாக்கின பிள்ளை, எரிபொருள் கொண்டுபோற பவுசரில இன்ஃப்ளேமபிள் எண்டு கண்டால் தீப்பிடிக்காது எண்டு நினைக்கும். உண்மையில ஃப்ளேமபிளும் இன்ஃப்ளேமபிளும் ஒரே பொருள்தான். அங்க வாற "இன்" உள்ளே எண்ட பொருள். தீ மூட்டுதல் எண்ட லத்தீன் வினையில இருந்து வந்தது. இந்தக் குழப்பம் ஆபத்தானது எண்டுதான் இப்ப எச்சரிக்கைப் பலகைகளில ஃப்ளேமபிள் எண்டு போடினம். எதிர்ச்சொல் நொன்-ஃப்ளேமபிள்.

இன்வல்யுவபிளும் அப்பிடித்தான் ஏமாத்தும். பெறுமதி இல்லாதது இல்லை, விலைமதிக்க ஏலாதது.

மூதூர்_பக்கம்:
வேர்ச்சொல் அல்லாத இன்னொரு வகையும் உண்டு. தொடக்க எழுத்துகள் மட்டும் ஒன்றாக இருக்கும், பொருளும் ஒரு பக்கமாகச் சாயும். மொழியியலாளர் ஜே. ஆர். ஃபர்த் 1930இல் இதற்கு ஃபோனஸ்தீம் என்று பெயரிட்டார். எஸ்-என் என்றால் மூக்கு: ஸ்னீஸ் தும்மல், ஸ்னோர் குறட்டை, ஸ்னிஃப் மோப்பம், ஸ்னவுட் விலங்கின் நீண்ட மூக்கு. டபிள்யூ-ஆர் என்றால் முறுக்கல்: றிங் ஈரத்துணியைப் பிழிவது, றெஞ்ச் திருகிப் பிடுங்குவது, றிகிள் நெளிவது. இந்த வரிசையில் டபிள்யூவுக்கு ஒலி இல்லை, எழுத்தில் மட்டும் நிற்கும்.

ஜி-எல் ஒளிக்கு. இதில் நேரம் செலவிடலாம், ஏனென்றால் தமிழில் எல்லாவற்றுக்கும் "மின்னுது" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். க்ளோ என்பது தணல்போல நிதானமாக ஒளிர்வது. க்ளிற்றர், வெயிலில் கடல்மேல் தெரியும் சிறுசிறு மினுக்கங்கள். க்ளிஸன், அப்போது பிடித்த மீனின் ஈரத்தோல். க்ளீம், துலக்கிய குத்துவிளக்கு. க்ளிமர் மங்கலாக நடுங்கும் ஒளி. க்ளெயார் கண்ணைக் கூசவைப்பது. முறைத்துப் பார்ப்பதற்கும் அதே சொல்தான்.

ஆனால் இது விதி அல்ல, சாய்வு மட்டுமே. க்ளவ் கையுறை, க்ளூ பசை. ஸ்னேக், ஸ்னோ இரண்டிலும் மூக்கே இல்லை. தெரியாத சொல்லின் பொருளை ஊகிக்க இதைப் பயன்படுத்த விடாதீர்கள். தெரிந்த சொற்களை நினைவில் அடுக்க மட்டும்.

கன்னியா_ஊற்று:
மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் பரீட்சையில் புள்ளி பறிபோவது வேறிடத்தில். எழுத்துகள் ஏறக்குறைய ஒன்று, பொருள் எட்டத்தில். குவயற் அமைதி (கடைசியில் ஈ-ரி), குவைற் "ஓரளவு" (கடைசியில் ரி-ஈ). இரண்டிலும் கடைசி இரு எழுத்துகள் மட்டும் இடம் மாறும். டயறி நாட்குறிப்பு, டெயறி பாற்பண்ணை; அங்கேயும் ஐ-யும் ஏ-யும் இடம் மாறியவை. ஸ்டேஷனறி இரண்டு: எழுதுபொருள் என்றால் ஈ-ஆர், பேப்பரின் கடைசியிலும் ஈ-ஆர்தான். அசையாமல் நிற்பதற்கு ஏ-ஆர். இவற்றை ஒரே நாளில் சோடியாகக் கொடுத்தால் குழப்பம் கூடும். ஒன்று நன்றாகப் பதிந்த பிறகு, சில நாள் கழித்து மற்றதைக் கொடுங்கள்.

இன்னொன்று. சொல்லுக்கு மேலே தமிழில் உச்சரிப்பு எழுத விடவே கூடாது. நம் எழுத்தில் "பிக்" என்றால் பெரியதும் அதுதான், பன்றியும் அதுதான். "கோட்" என்றால் சட்டைக்கு மேல் போடுவதும் ஆடும். இந்த இழையில் நாம் செய்வதைப் பார்த்து அவர்கள் செய்யக்கூடாது, அவ்வளவுதான்.

நிலாவெளி_ரீச்சர்:
நல்லது. ஜி-எல் கூட்டத்தை எப்பிடிச் சோதிக்கிறது? பொருள் எழுது எண்டு கேட்டால் ஆறுக்கும் "ஒளிர்தல்" எண்டு எழுதுவினம்.

மூதூர்_பக்கம்:
பொருள் கேட்காதீர்கள். இடைவெளி விட்ட வசனம் கொடுங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு சொல் மட்டும் பொருந்தும்படி. எதிரே வரும் பஸ்ஸின் ஹெட்லைட்டால் சாரதிக்குக் கண் தெரியவில்லை என்றால் அங்கே க்ளெயார் தவிர வேறெதுவும் நிற்காது. க்ளீமையும் க்ளிஸனையும் ஒரே வசனத்துக்குத் தெரிவாகக் கொடுத்தால், ஈரம் என்ற குறிப்பு வசனத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டுமே சரியாகி, புள்ளி போடும்போது நீங்கள்தான் மாட்டுவீர்கள்.