கேரட் தோட்டம் போய் வீடு வந்தது, கூடவே காட்டெருமையும்

வீட்டுப் பக்கம் காட்டெருமை வந்த கதையை எல்லோரும் சொல்கிறீர்கள், என் பங்குக்கு ஒன்று. நீலகிரியில் ஊட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற கேத்தியில் எங்கள் தெரு இருக்கிற சரிவு முழுக்க முன்பு உருளைக்கிழங்கும் கேரட்டும்தான். மூட்டை கட்டி லாரியில் மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகும். விலை இறங்கினால் லாரி வாடகைக்கும் கூலிக்குமே காணாது. உருளையில் வேரைத் தாக்குகிற நுண்ணிய நூற்புழு வேறு, அது 1961லேயே நீலகிரியில் கண்டுபிடிக்கப்பட்டது. அப்புறம் பலர் தேயிலைக்கு மாறினார்கள், 90களின் கடைசியில் பச்சைத் தேயிலை விலையும் விழுந்தது. பிள்ளைகள் கோயம்புத்தூர், பெங்களூர் என்று போய்விட்டார்கள், தோட்டம் வீட்டு மனைகளாகச் சென்ட் கணக்கில் விலை போனது. யாரைக் குறை சொல்ல?

போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரரிடமிருந்து போன். வாரக்கடைசிக்கு மட்டும் வருகிற மனிதர். "அண்ணா, காட்டு மாடு ஒன்று கேட் உள்ளே நிற்குது, டார்ச் அடிச்சும் போக மாட்டேங்குது!" முதலில் டார்ச்சை அணைக்கச் சொன்னேன். போய்ப் பார்த்தால் பெரிய கடா, கழுத்து மட்டுமே என் கதவு அகலம் இருக்கும். இரண்டு பக்கமும் தடுப்புச் சுவர், பின்னால் நாய்கள் குரைக்கின்றன, அது எங்கே போகும்? நாய்களைக் கட்டி, பின் கேட்டைத் திறந்துவிட்டு எல்லோரும் மாடிக்குப் போனோம். பத்து நிமிஷத்தில் தானாகவே ஓடைப் பக்கம் இறங்கிப் போய்விட்டது. புல்தரை முழுக்க சாணி, அவருக்கு அதுதான் பெரிய வருத்தம்.

மாடி வீடுகள் கட்டினதால்தான் காட்டு மாடு வருகிறது என்பார்கள், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வாங்கிப் போட்டு வருஷக்கணக்கில் எட்டிப் பார்க்காத மனைகளைப் பாருங்கள். இடுப்பளவு புல், புதர், நடுவில் ஊற்றுத் தண்ணீர். மாட்டுக்கு வேறென்ன வேண்டும்? தோட்டமாக இருந்தபோது இரவெல்லாம் ஆள் காவல் இருந்தது, தகர டின் தட்டிப் பன்றியை விரட்டுவோம். இப்போது இரவில் விளக்கு எரிகிற வீடே கொஞ்சம்தான்.

இன்னொன்று, மனை வாங்கும் எண்ணம் இருக்கிறவர்களுக்கு. இங்கே கட்டடம் 7 மீட்டர் உயரத்துக்கு மேல் போகக் கூடாது என்பதால் சிலர் பொக்லைன் வைத்து மலையை உள்வாக்கில் குடைகிறார்கள், ஓடையை மூடிச் சுவர் எழுப்புகிறார்கள். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள், கேத்திப் பக்கமும் சரிந்தது. ஆகவே பத்திரம் பார்ப்பதற்கு முன்னால், மழை பெய்யும் நாளில் வந்து தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்று பாருங்கள். மாடும் அநேகமாக அதே வழியில்தான் வரும்.